முதற்பதிப்பு வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டிய பக்கம்

பிரிட்டனில் பழைய சிறுவர் நாவல்களைத் தேடி வாங்குவோர் பலர், 1997 என்ற ஆண்டை மட்டும் கண்டு 'ஹாரி பாட்டர் அண்ட் தி ஃபிலாசஃபர்ஸ் ஸ்டோன்' முதற்பதிப்பே கிடைத்துவிட்டதாக நம்பிப் பெருந்தொகை கொடுப்பதும், அது பிந்தைய அச்சு எனத் தெரிந்த பின் எங்கே முறையிடுவது என்று அறியாமல் மாதங்களைக் கடத்துவதும் தொடர்கின்றன. பிந்தைய அச்சுகளிலும் அதே ஆண்டுதான் இருக்கும். புளூம்ஸ்பரி நிறுவனம் அவ்வாண்டு ஜூன் 26 அன்று வெளியிட்ட முதல் அச்சின் கெட்டி அட்டைப் படிகளோ வெறும் 500.

தலைப்புப் பக்கத்தின் பின்புறமுள்ள பதிப்புரிமைப் பக்கத்தில் 10 முதல் 1 வரை இறங்கும் எண் வரிசை உண்டு. அதிலுள்ள மிகச் சிறிய எண்ணே அச்சின் முறையைச் சொல்வதால், வரிசை 3இல் நின்றால் அந்நூல் மூன்றாம் அச்சு. முதல் அச்சின் அதே பக்கத்தில் ஆசிரியர் பெயர் ஜோன் ரௌலிங் என முழுமையாக இருக்கும். 53ஆம் பக்கப் பொருட்பட்டியலில் மந்திரக்கோல் இருமுறை இடம்பெறும். பின்னட்டையில் நூலின் பெயரிலேயே ஓர் எழுத்து விடுபட்டிருக்கும். இவற்றுள் ஒன்றை மட்டும் காட்டி விற்பவரை நம்பலாகாது. எண் வரிசை 1இல் முடியாவிடில் மற்றவை எதற்கும் பயனில்லை. அட்டைமேல் போர்த்தும் மேலுறை முதல் அச்சுக்கு இல்லை என்பதால், மேலுறையுடன் வரும் படி ஐயத்துக்குரியது. முதல் அச்சுப் படிகளில் பெரும்பகுதி நூலகங்களுக்குச் சென்றமையால், நூலக முத்திரை இருந்து நீக்க முத்திரை இல்லாத படியின் உரிமையைக் கேட்டறியாமல் வாங்குவது திருட்டுப் பொருளை வாங்குவதில் முடியலாம்.

ஒரு நூலின் அடையாளம் மற்றொன்றுக்குப் பொருந்தாது. 1964இல் அமெரிக்காவில் க்னாஃப் வெளியிட்ட 'சார்லி அண்ட் தி சாக்லேட் ஃபேக்டரி' நாவலின் முதல் அச்சை, இறுதிப் பக்கத்து அச்சுக் குறிப்பு ஐந்து வரியாக அல்லாமல் ஆறு வரியாக இருப்பதைக் கொண்டே அறிகின்றனர்.

பணம் கொடுக்குமுன் 'முதற்பதிப்பு, முதல் அச்சு' என்ற இரு சொற்களும் விலைச்சீட்டில் எழுதப்பட வேண்டும். பதிப்புரிமைப் பக்கத்தின் படமும் வேண்டும். வணிகரிடம் வாங்கிய நூல் விவரிப்புக்கு மாறானதாயின், 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்து முழுத் தொகையையும் பெறலாம். அதற்குப் பின் இவ்வுரிமை சுருங்கிவிடும் என்பதால் நூல் வந்த அன்றே சரிபார்க்க வேண்டும். தனியாரிடம் வாங்கினாலும் நூல் விவரிப்புக்கு ஒத்திருக்க வேண்டும் என்பது சட்டமே. நேரில் பங்கேற்கும் பொது ஏலத்தில் பாதுகாப்பு குறைவு. அங்கே ஏல நிறுவனத்தின் நிபந்தனைகளை முன்பே படித்தாக வேண்டும். விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டுக்குள் இருந்து, கடன் அட்டையில் நேரடியாகச் செலுத்தியிருந்தால், 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி அட்டை நிறுவனமும் பொறுப்பேற்கும். இடைத்தரகுச் செயலி வழியே செலுத்தினால் இது கைநழுவக்கூடும்.

விற்றவர் மறுத்தால், கெடு குறித்து எழுத்தில் கடிதம் அனுப்பி, அதன் நகலையும் விலைச்சீட்டையும் இணைத்து, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண்டு வரையிலான கோரிக்கையை என்1 படிவத்தில் சிறு கோரிக்கை நடைமுறைக்காகக் கவுண்டி நீதிமன்றத்தில் தாக்கல் செய்யலாம். வாய்ச்சொல்லை நம்பி வாங்கியவர் அங்கே காட்டச் சான்றின்றி நிற்பார். ஆகவே 'முதல் அச்சு' என்று எழுதித் தர மறுப்பவரிடம் நூலை வாங்கவே கூடாது.