வால் இல்லாத சூட்டுக்கோல்

“அவள் என்னவோ பொடி வைத்துப் பேசுகிறாள்” என்று நாம் சொல்வதுண்டு அல்லவா? அந்தப் பொடி மூக்குப் பொடியும் அல்ல, மிளகாய்ப் பொடியும் அல்ல. நகை செய்யும் ஆசாரியின் பட்டறையிலிருந்து நம் பேச்சுக்குள் புகுந்த பொடி என்று பெரியவர்கள் சொல்வார்கள். நகையின் இரண்டு துண்டுகளை இணைப்பதற்கு ஆசாரி என்ன செய்கிறார்? தங்கத்தைவிடச் சற்றுச் சீக்கிரமாக உருகக்கூடிய பற்றுப் பொடியை இடுக்கில் வைத்து, வெங்காரம் தடவி, ஊதுகுழலால் நெருப்பை ஊதுகிறார். பொடி உருகி, இடுக்கில் ஓடி, இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. வெளியே பார்த்தால் பொடி வைத்ததே தெரியாது!

பற்றவைப்பது என்ற கலையின் ரகசியம் முழுவதும் இவ்வளவுதான். இணைக்க வேண்டிய உலோகம் உருகக் கூடாது; நடுவே வைத்தது மட்டும் உருக வேண்டும்.

இந்தக் கலை ஏதோ பட்டறை சமாசாரம், நமக்கு ஏன் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் வீட்டு ரேடியோ, டார்ச் விளக்கு, செல்போன் சார்ஜர், குழந்தையின் கத்தும் பொம்மை எல்லாவற்றுக்குள்ளும் கோலப் புள்ளிகளைப்போல வரிசை வரிசையாகப் பளபளக்கின்றனவே, அவை எல்லாம் பற்றவைத்த புள்ளிகள்தாம். அதில் ஒரு புள்ளி விட்டுப்போனால் போதும், பொம்மை ஊமையாகிவிடும். அந்தப் புள்ளியை மறுபடி வைக்கும் கருவிக்குக் கடைக்காரர்கள் சொல்லும் பெயர் சால்டரிங் அயர்ன். மூக்கு மட்டும் சுடுகிற ஒரு கோல், அவ்வளவுதான். முன்பெல்லாம் சுவரிலுள்ள பிளக்கிலிருந்து இதற்கு ஒரு நீண்ட வால் உண்டு. இப்போது வாலில்லாமலே பலவகைக் கோல்கள் வந்துவிட்டன.

ஈயச் சொம்பு சொல்லும் பாடம்

ரசம் வைக்கும் ஈயச் சொம்பை வெறுமனே அடுப்பில் ஏற்றக் கூடாது என்று எந்த மாமியாரும் மருமகளுக்குச் சொல்லித்தான் கொடுத்திருப்பார். ஏற்றினால் சொம்பு இருந்த இடத்தில் ஒரு வெள்ளிக் குட்டைதான் இருக்கும்! அந்தச் சொம்பு வெள்ளீயம். அது உருகுவதற்கு 232 டிகிரி உஷ்ணம் போதும். ரசம் உள்ளே இருக்கும்வரை உஷ்ணம் ஏறக்குறைய 100 டிகிரியைத் தாண்டாது. ஆகையால் சொம்பு பிழைக்கிறது.

வெள்ளீயத்துக்கு ஒரு கறுப்புச் சகோதரன் உண்டு: காரீயம். அது உருக 327 டிகிரி வேண்டும். இந்த இரண்டையும் 63க்கு 37 என்ற பங்கில் கலந்தால் ஒரு வேடிக்கை நடக்கிறது. கலவை 183 டிகிரியிலேயே உருகிவிடுகிறது. அதாவது இருவரில் எவரைக் காட்டிலும் சீக்கிரமாக! பல காலமாக ரேடியோக்காரர்கள் உபயோகித்துவந்த பற்று ஈயம் இந்தக் கலவையும் இதற்கு நெருங்கிய உறவினர்களுந்தான்.

தெருவில் துருத்தியும் நவச்சாரமுமாக உட்கார்ந்து பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசியவரை நினைவிருக்கிறதா? தகர டப்பாவின் ஓட்டை அடைத்தவர்களும் செம்பு மூக்கு வைத்த கோலைக் கரி நெருப்பில் செருகிச் சூடேற்றித்தான் வேலை செய்தார்கள். ஆக, ஆதி காலத்துச் சூட்டுக்கோலுக்கு வாலே இல்லை. மின்சாரம் வந்த பிறகுதான் வால் முளைத்தது. ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் சாக்ஸ் என்பவர் 1921ல், ஆலைகளில் பெருவாரியாகச் செய்யத்தக்க மின்சாரக் கோலுக்குக் காப்புரிமை பெற்றார். பிறகு 1970களில், தலைமுடி வெட்டும் கிளிப்பருக்குப் பேர்போன அமெரிக்காவின் ‘வால்’ கம்பெனி, பாட்டரியில் வேலை செய்யும் சால்டரிங் கோலை விற்கத் தொடங்கியது. கம்பெனியின் பெயரோ வால். விற்றதோ வாலில்லாத கோல்!

அம்பத்தூர் அறிந்த வித்தை

சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் மார்க்கமாகப் போகும் மின்சார ரயிலில் ஏறுங்கள். கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயல், ஆவடி என்று வரிசையாக வரும் ஊர்கள் எல்லாம், உலோகத்தோடு உலோகத்தை இணைத்தே பிழைத்த ஊர்கள். 1949ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள் கம்பெனிக்கு அம்பத்தூர்தான் பிறந்த வீடு. பழைய சைக்கிளின் சட்டங்களைப் பித்தளைப் பற்று உருக்கித்தான் இணைத்தார்கள். அதுவும் ஆசாரியின் பொடி வித்தையேதான். உஷ்ணம் மட்டும் அதிகம். அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964ல் உருவாயிற்று. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து அடுத்த வருஷமே, 1965ல், முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. இரண்டு ஊர்களுக்கும் நடுவில், திருமுல்லைவாயலில், பெண் தொழில்முனைவோருக்கென்றே சிட்கோ ஒரு தொழிற்பேட்டை அமைத்திருக்கிறது.

பூந்தமல்லி வழியாக ஸ்ரீபெரும்புதூருக்குப் போனாலும் இதே கதை. அங்கே 2006 முதல் 2014 வரை நடந்த நோக்கியா செல்போன் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இன்று அதே வட்டாரத்தில் ஆப்பிள் செல்போன்களைப் பூட்டுகிறவர்களும் பெரும்பாலும் பெண்களே. பெரிய ஆலைகளில் பற்று ஈயத்தைப் பசையாகத் தடவி அடுப்புக்குள் அனுப்பி, ஆயிரம் புள்ளிகளை ஒரே நேரத்தில் யந்திரம் பற்றவைத்துவிடும். ஆனாலும் தவறிப்போன புள்ளியைச் சரிசெய்ய மனிதக் கையும் ஒரு கோலும் இன்றும் வேண்டியிருக்கிறது.

வெளியே இப்படி. வீட்டிலே? எமர்ஜென்ஸி விளக்கின் ஒயர் விட்டுப்போனால், “நீ தொடாதே, அண்ணன் வரட்டும்” என்கிறோம். அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வருவான். வந்து, “புதிதாக வாங்கிவிடலாம்” என்பான்! பூத்தையலும் மணிக்கோலமும் போடும் விரல்களுக்கு, ஒரு புள்ளி ஈயம் வைப்பது பெரிய காரியமா, சொல்லுங்கள்?

வாலில்லாத கோலின் உபயோகத்தை நன்றாகக் காட்டியது 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயல். அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள்ளேயே வெள்ளம் நின்றது. பல பேட்டைகளில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. சுவரில் மின்சாரம் இல்லாதபோது பிளக் வைத்த கோல் வெறும் குச்சிதான். ஆனால் விளக்கும் ரேடியோவும் அவசியமாக வேண்டியிருப்பதும் அந்த வேளையில்தானே!

எத்தனை வகை?

கேஸ் கோல்: சிகரெட் லைட்டரில் நிரப்பும் பியூட்டேன் வாயுவை இதன் வயிற்றில் நிரப்ப வேண்டும். நல்ல ரகத்தில், மூக்குக்குள் இருக்கும் ஒரு சல்லடை, வெளியே சுவாலை தெரியாமலே வாயுவை எரித்துச் சூடாக்கும். ஒரு நிமிஷத்துக்குள் தயார். ஒருமுறை நிரப்பினால் சுமார் அரைமணி முதல் ஒரு மணிக்கு மேலும் ஓடும். மூக்கை மாற்றினால் சுடுகாற்று ஊதும், பிளாஸ்டிக்கையும் அறுக்கும். பலசாலி, ஆனால் முன்கோபி! பக்கத்துத் துவாரத்தின் வழியாகச் சுடுகாற்று வெளியே வரும். திரைச்சீலை, முந்தானை, தலைமுடி எல்லாம் ஜாக்கிரதை. விமானப் பயணத்தில் வாயு அடைத்த கோலுக்கு அனுமதி இல்லை.

பென்சில் செல் கோல்: சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் செல்லில் மூன்று நான்கு போட்டால் வேலை செய்யும். சக்தி 6 வாட் அளவுதான். பொம்மையின் மெல்லிய ஒயருக்குப் போதும். தடித்த ஒயரில் வைத்தால் இதுதான் குளிர்ந்துபோகும்.

சார்ஜ் செய்யும் கோல்: செல்போனைப்போல யூ.எஸ்.பி. ஒயரில் சார்ஜ் செய்து வைத்துக்கொள்ளலாம். பேனாவைப்போல இருக்கும். 8 முதல் 12 வாட் வரை பலவகை கிடைக்கின்றன. சின்னச் சின்ன வீட்டு வேலைக்கும் கற்றுக்கொள்வதற்கும் இது போதும்.

பவர் பேங்க் கோல்: இதற்கு ஒரு முழ வால் உண்டு, ஆனால் அந்த வால் சுவருக்குப் போகாமல் பவர் பேங்குக்குப் போகிறது. 65 வாட் கொடுக்கக்கூடிய பவர் பேங்க் இருந்தால் சில விநாடிகளில் சூடேறிவிடும். எத்தனை டிகிரி என்று சின்னத் திரையில் காட்டும். சும்மா வைத்துவிட்டால் தானே தூங்கிவிடும். வீட்டில் குழந்தை உண்டென்றால் இந்தத் தூக்கம் பெரிய வரப்பிரசாதம்.

டூல் பாட்டரிக் கோல்: துளை போடும் டிரில்லிங் மெஷினின் 12 அல்லது 18 வோல்ட் பாட்டரியில் இயங்குவது. இது தொழிலாளியின் கருவி, வீட்டுக்கு அவசியமில்லை.

வாங்கும்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள்: மூக்கைக் கழற்றி மாற்ற முடிகிறதா, உஷ்ணத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா, மூடியோ தாங்கியோ கூடவே தருகிறார்களா? ரிச்சி தெருவுக்குப் போனால், வாங்கும் முன் ஒருமுறை சூடாக்கிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

தாளிக்கத் தெரிந்தால் போதும்

எண்ணெய் காயாமல் கடுகைப் போட்டால் என்ன ஆகும்? வெடிக்காது, எண்ணெயில் ஊறிக்கொண்டு கிடக்கும். பற்றவைப்பதும் அப்படித்தான். கோலின் மூக்கில் ஈயத்தை உருக்கிக் கொண்டுபோய் அப்பினால், ஒட்டியதுபோல் பாவனை செய்துவிட்டு மறுநாள் கழன்றுவிடும். முதலில் இணைக்கவேண்டிய இரண்டு ஒயர்களையும் சுரண்டிச் சுத்தம் செய்து முறுக்குங்கள். கோலின் மூக்கை ஈரப் பஞ்சில் துடைத்து, நுனியில் துளி ஈயம் பூசிக்கொள்ளுங்கள். பிறகு மூக்கை ஒயரின்மேல் வைத்து ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி, ஈயக் கம்பியை ஒயரின்மேல் தொடுங்கள். ஒயர் சூடாகியிருந்தால் ஈயம் தண்ணீர்போல ஓடிப் பரவும். கோலை எடுத்துவிட்டு, அசைக்காமல் மூச்சு வாங்குங்கள். பளபளவென்று வழவழப்பாக நின்றால் வெற்றி. பொரிபொரியாக உருண்டு நின்றால் மறுபடி சூடாக்குங்கள். ஈயமில்லாத புதுவகைப் பற்று மட்டும் சற்று மங்கலாகவே உறையும். அதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம்.

ஈயக் கம்பிக்குள்ளேயே பைன் மரப் பிசின் ஒளிந்திருக்கிறது. அது உருகி உலோகத்தின் அழுக்கைப் போக்கும். ஆசாரிக்கு வெங்காரம், பாத்திரக்காரருக்கு நவச்சாரம், நமக்குப் பிசின்!

தொடவே கூடாதவை

இனிச் சொல்லப்போவதைத்தான் பத்திரமாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

காரீயம் விஷம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. இந்த அளவுவரை பரவாயில்லை என்று எந்த அளவையும் உலக சுகாதார ஸ்தாபனம் ஒப்புக்கொள்ளவில்லை. பற்றவைக்கும்போது எழும் புகை பெரும்பாலும் பிசினின் புகை. அது ஆஸ்த்மாவைக் கிளப்பும் என்பதால் ஜன்னலைத் திறந்து வையுங்கள். காரீயமோ புகையாக வருவதைவிட விரல் வழியாகத்தான் வாய்க்குப் போகிறது. ஆகையால் சமையல் மேடையில் இந்த வேலை வேண்டாம். பழைய தட்டின்மேல் வைத்துச் செய்யுங்கள். அந்தத் தட்டு மறுபடி சாப்பாட்டுக்கு வரக் கூடாது. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

காரீயம் இல்லாத பற்றும் கிடைக்கிறது: வெள்ளீயத்தோடு கொஞ்சம் வெள்ளியும் செம்பும் கலந்தது. 217 டிகிரியில் உருகும். சற்றுச் சூடு கூடுதலாக வேண்டும். ஐரோப்பாவில் 2006 ஜூலை முதல் பெரும்பாலான மின்னணுச் சாமான்களில் காரீயப் பற்றுக்குத் தடை. வீட்டுக்கு வாங்குகிறவர்கள் ‘லெட் ஃப்ரீ’ என்று கேட்டே வாங்குங்கள்.

சமையல் பாத்திரத்தின் ஓட்டையை இந்தக் கோலால் அடைக்கவே வேண்டாம். கொலுசையும் தங்க நகையையும் காட்டாதீர்கள்; வெள்ளிப் பற்று உருகவே 600 டிகிரிக்கு மேல் வேண்டும், உங்கள் கோல் அங்கே எட்டாது. நகைப் பற்று என்றதும் கே.டி.எம். நினைவுக்கு வரும். அது காட்மியம் கலந்த பற்று. அதன் புகை ஆசாரிகளின் நுரையீரலைக் கெடுத்ததால் ஹால்மார்க் நகைகளில் அதற்கு இடமில்லை.

மிக்ஸி, கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி முதலிய 230 வோல்ட் சாமான்களை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். செல்போன் பாட்டரியின்மேல் சூட்டுக்கோலை வைத்தால் தீப்பிடிக்கும். வெள்ளத்தில் நனைந்த சாமானை நன்றாக உலர்த்தும்வரை திறந்து பார்க்கவும் வேண்டாம்.

கை சுட்டுவிட்டால் இங்க்கும் பற்பசையும் தேடி ஓடாதீர்கள். குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். கொப்புளம் பெரிதாக இருந்தால் டாக்டரிடம் போங்கள்.

இவ்வளவு ஜாக்கிரதை வேண்டிய கருவியைப் பெண்கள் கையில் கொடுப்பதா என்று யாரேனும் கேட்டால், கொதிக்கும் எண்ணெயையும் குக்கரையும் அரிவாள்மணையையும் தினந்தோறும் ஆள்வது யார் என்று திருப்பிக் கேளுங்கள்! பழுதான சாமான்களை ரிப்பேர் செய்யும் வழிகளை வாங்கியவர்களுக்குத் தெரிவிப்பதற்காக மத்திய அரசே 2022 டிசம்பரில் ஓர் இணையத் தளம் தொடங்கியது. தூக்கி எறியும் ஒவ்வொரு விளக்கும் பொம்மையும் எங்கோ ஒரு குப்பை மேட்டில், யாரோ ஒரு குழந்தை விளையாடும் மண்ணில், அதே காரீயத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கக்கூடும். ஒரு புள்ளி வைத்தால் பிழைக்கக்கூடியதை எறிவானேன்?

அடுத்த முறை எமர்ஜென்ஸி விளக்கின் ஒயர் விட்டுப்போனால், பத்தாவது படிக்கும் உங்கள் பெண்ணைக் கூப்பிடுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்து, பக்கத்தில் நீங்களும் உட்கார்ந்துகொள்ளுங்கள். முதல் புள்ளியை அவளே வைக்கட்டும்.