தொட்டிப்பாலம் கட்ட முடியாத ஊர்

மாத்தூர் தொட்டிப்பாலத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கீழே பறளியாறு ஓடுகிறது. 115 அடி உயரத்தில், வரிசையாக நிற்கும் தூண்களின் மேல், தொட்டிக்குள் கால்வாய்த் தண்ணீர் போகிறது. தொட்டியை ஒட்டி மனிதர்கள் நடக்கிறார்கள். பாலத்தின் மேல் ஒருவர் நிற்கிறார். அவருக்கு நேர் கீழே, ஆற்றங்கரையில், இன்னொருவர் நிற்கிறார். இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா?

உலகமெங்கும் பல லட்சம் பேர் சுற்றித் திரிந்த ஓர் ஊர் உண்டு. அங்கே கூடங்கள் உண்டு, படிக்கட்டுகள் உண்டு, இருண்ட சுரங்கங்கள் உண்டு. ஆனால் ஒரு தொட்டிப்பாலம் மட்டும் கட்ட முடியாது. ஒருவர் நிற்கும் தரைக்கு நேர் மேலே இன்னொருவர் நிற்க அங்கே வழியே இல்லை!

அந்த ஊர் கம்ப்யூட்டர் திரைக்குள் இருக்கிறது. அதன் பெயர் 'டூம்'. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் இயங்கிய 'ஐடி சாப்ட்வேர்' என்னும் சிறு நிறுவனம் 1993-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் வெளியிட்ட விளையாட்டு அது. ஆடுபவர் திரையில் ஒரு பொம்மையைப் பார்ப்பதில்லை. தாமே அந்த ஊருக்குள் நடப்பதுபோல் தம் கண்வழியே பார்க்கிறார். அவர் திரும்பினால் காட்சியும் திரும்பும். இந்த வகை விளையாட்டுகளை உலகறியச் செய்தவற்றுள் முக்கியமானது டூம்.

அங்கே பாலம் கட்ட முடியாமல் போனது ஏன்? அதற்கான விடையில், சிறிய இயந்திரத்தைக் கொண்டு பெரிய வேலையை வாங்கும் கலையே அடங்கியிருக்கிறது.

சுசீந்திரம் பிராகாரத்தில் ஒரு கணக்கு

சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் நீண்ட பிராகாரத்தில் ஒரு கோடியில் நின்று மறுகோடியைப் பாருங்கள். விளக்கேந்திய பாவைகள் செதுக்கிய தூண்கள் இரு பக்கமும் அணிவகுத்து நிற்கின்றன. எல்லாத் தூண்களும் ஒரே உயரம்தான். ஆனால் கண்ணுக்கு அருகிலுள்ள தூண் பெரிதாகவும், தொலைவிலுள்ளது சிறிதாகவும் தெரிகிறது. எவ்வளவு சிறிதாக?

நீங்கள் வகுப்பில் படித்த ஒத்த முக்கோணங்களே விடை சொல்லும். 3 மீட்டர் உயரத் தூணிலிருந்து 5 மீட்டர் தள்ளி நில்லுங்கள். கண்ணிலிருந்து 50 சென்டிமீட்டர் தூரத்தில் ஓர் அளவுகோலைச் செங்குத்தாகப் பிடியுங்கள். அளவுகோலில் தூண் 30 சென்டிமீட்டர் உயரம் காட்டும். 10 மீட்டர் தள்ளி நின்றால் 15 சென்டிமீட்டர். 15 மீட்டரில் 10 சென்டிமீட்டர். தூரத்தையும் தோற்ற உயரத்தையும் பெருக்கிப் பாருங்கள்: ஒவ்வொரு முறையும் 150 தான்! ஆகவே தோற்ற உயரம் வேண்டுமானால் தூரத்தால் வகுக்கவேண்டும்.

தட்டையான திரையில் ஆழம் தெரியும்படி படம் வரையவும் இந்த வகுத்தல்தான் தேவை. இவ்வளவு எளிதா என்று எண்ணிவிடாதீர்கள். சிக்கல் இனிமேல்தான் வருகிறது.

புள்ளிக்குப் பதினைந்து துடிப்பு

டூம் விளையாட்டின் திரையில் அகலவாக்கில் 320 புள்ளிகள், உயரவாக்கில் 200 புள்ளிகள். மொத்தம் 64,000. காட்சி அசைவதுபோல் தோன்ற வேண்டுமானால் படத்தை மீண்டும் மீண்டும் வரைய வேண்டும். டூம் நொடிக்கு 35 படங்கள் வரை வரையும். ஆக, நொடிக்கு 22 லட்சத்து 40 ஆயிரம் புள்ளிகள்!

அன்று பலரிடம் இருந்தது '386' என்னும் வகைக் கம்ப்யூட்டர். அதன் மூளை 33 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில், அதாவது நொடிக்கு 3 கோடியே 30 லட்சம் முறை துடிக்கும். இதைப் புள்ளிகளுக்குப் பங்கிட்டால், ஒரு புள்ளிக்கு 15 துடிப்புகூட முழுதாகக் கிடைக்காது. ஆனால் பெரிய எண்களை ஒருமுறை வகுக்கவே அந்த மூளைக்கு 38 துடிப்புகள் வேண்டும். வேறெந்த வேலையும் செய்யாமல் புள்ளிக்கு ஒரு வகுத்தல் மட்டும் செய்தாலே நொடிக்கு 14 படம் தேறாது.

பிறகு எப்படி நடந்தது இந்த வித்தை?

இதன் செயல்நிரலை எழுதியவர்களில் முதன்மையானவரான ஜான் கார்மாக் ஓர் உண்மையைப் பயன்படுத்திக்கொண்டார். சுவர் செங்குத்தாக நிற்கிறது. ஆகவே திரையில் மேலிருந்து கீழாக ஒரே நேர்கோட்டில் வரும் சுவர்ப் புள்ளிகள் யாவும் ஒரே ஆழத்தில் உள்ளவை. ஒரு கோட்டுக்கு ஒருமுறை வகுத்தால் போதும். 64,000 வகுத்தலுக்குப் பதில் சுமார் 320! தரை சமமாகக் கிடக்கிறது. அங்கே இடமிருந்து வலமாக ஒரே வரிசையில் வரும் புள்ளிகள் ஒரே ஆழத்தில் உள்ளவை. ஒரு வரிசைக்கு ஒரு கணக்கு.

இதற்கு ஒரு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. தலையைச் சாய்த்து மேலே பார்த்தால் இந்தச் சலுகை பறிபோய்விடும். ஆகவே டூமில் ஆடுபவர் அண்ணாந்து பார்க்கவும் முடியாது, குனிந்து பார்க்கவும் முடியாது. இத்தனை சிக்கனத்துக்குப் பிறகும் 386-இல் ஆட்டம் திணறியது. அடுத்து வந்த 486-இல்தான் நன்றாக ஓடியது.

எந்தச் சுவர் எதை மறைக்கும்?

இன்னொரு தொல்லை. ஊரில் நூற்றுக்கணக்கான சுவர்கள். முன்னால் இருப்பது பின்னால் இருப்பதை மறைக்க வேண்டும். எது முன், எது பின் என்று ஒவ்வொரு படத்துக்கும் எல்லாச் சுவர்களையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்க நேரம் ஏது?

ஒரு வயலை எண்ணிக்கொள்ளுங்கள். நடுவே ஒரு நேர் வரப்பு. நீங்கள் வரப்புக்கு இந்தப் பக்கம் நிற்கிறீர்கள். அந்தப் பக்கம் உள்ள எந்த மரமும் இந்தப் பக்கம் உள்ள மரத்தை உங்கள் கண்ணிலிருந்து மறைக்க முடியுமா? முடியவே முடியாது! ஆகவே இந்தப் பக்கத்தை முதலில் வரையலாம், அந்தப் பக்கத்தைப் பிறகு வரையலாம். இப்போது ஒவ்வொரு பக்கத்தையும் மறுபடி ஒரு வரப்பால் இரண்டாகப் பிரியுங்கள். அப்படியே பிரித்துக்கொண்டே போங்கள். பிறகு "வரப்புக்கு எந்தப் பக்கம் நிற்கிறேன்?" என்ற ஒரே கேள்வியை அடுத்தடுத்துக் கேட்டாலே, அருகிலிருந்து தொலைவுவரை எல்லாம் தாமாக வரிசைப்பட்டுவிடும்.

இந்த முறையை ஹென்றி ஃபுக்ஸ், ஸ்வி கெடெம், புரூஸ் நெய்லர் ஆகிய மூவர் 1980-ஆம் ஆண்டிலேயே ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டிருந்தனர். கார்மாக் அதை எடுத்து விளையாட்டுக்குப் பொருத்தினார். பிரிக்கும் வேலை முழுவதும் ஊரை உருவாக்கும்போதே முடிந்துவிடும். ஆடுபவரின் கம்ப்யூட்டர் கேள்வியை மட்டும் கேட்டால் போதும். திரையில் ஒரு கோடு முழுதும் அருகிலுள்ள சுவரால் நிரம்பிவிட்டால், அதற்குப் பின்னால் இருப்பதை அது எண்ணிப் பார்ப்பதே இல்லை.

இப்போது விடை தெரிந்துவிட்டது அல்லவா? டூமின் ஊர் உண்மையில் தட்டையான ஒரு படம். அதன் வரைபடங்களை அண்மையில் மறுபடி எடுத்துப் பார்த்தபோது, நிலத்துக்கு வைத்திருக்கும் புலப்படம்தான் என் நினைவுக்கு வந்தது. கோடுகளால் பிரித்த துண்டுகள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தரை உயரம், ஒரு கூரை உயரம். அவ்வளவுதான். தொட்டிப்பாலத்துக்கோ ஒரே இடத்தில் இரண்டு தரைகள் வேண்டும்: ஆற்றங்கரை ஒன்று, பாலம் ஒன்று. அந்தப் படத்தில் இரண்டாவது தரையை எழுத இடமில்லை! அதே நிறுவனம் 1996-இல் வெளியிட்ட 'குவேக்' விளையாட்டில்தான் மேலும் கீழும் உண்மையாகவே தளங்கள் வந்தன. அதற்கு இன்னும் வேகமான கம்ப்யூட்டர்கள் தேவைப்பட்டன.

வில் ஒன்று, கதை பல

நம் மாவட்டத்துக் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு கேட்டிருப்பீர்கள். அதே வில், அதே குடம், அதே உடுக்கை. இன்றைக்கு ஒரு கதை, நாளைக்கு வேறு கதை. கதை மாறுவதற்காக யாரும் வில்லை மாற்றுவதில்லை.

டூமும் அப்படித்தான் அமைந்தது. படம் வரையும் செயல்நிரல் ஒரு கோப்பில். வரைபடம், ஓவியம், ஒலி எல்லாம் வேறொரு கோப்பில். முதலில் வந்தவை 27 வரைபடங்கள். 1995-இல் மேலும் 9 வரைபடங்கள் கொண்ட நான்காம் பாகத்தைச் சேர்த்து 'தி அல்டிமேட் டூம்' வெளிவந்தது. அதற்கு முன்பே, 1994-லேயே, ஆடியவர்கள் தாங்களே வரைபடக் கருவிகளை எழுதி, புதிய ஊர்களைக் கட்டத் தொடங்கிவிட்டனர். 1996-இல் வந்த 'ஃபைனல் டூம்' தொகுப்பின் வரைபடங்களைச் செய்தவர்கள் அப்படிப்பட்ட ரசிகர்களே!

1997 டிசம்பரில் நிறுவனம் செயல்நிரலையே ஊரறிய வெளியிட்டது. அதன்பிறகு கணக்குப்பொறியின் சிறு திரையிலும், அச்சு இயந்திரத்தின் திரையிலும்கூட ஆர்வலர்கள் டூமை ஓடவைத்தனர். தொடக்கக் குழுவில் இருந்த ஜான் ரொமேரோ, 2019-இல் 'சிஜில்' என்ற பெயரில் 9 வரைபடங்களையும், விளையாட்டு பிறந்த 30-ஆம் ஆண்டு நாளான 2023 டிசம்பர் 10 அன்று 'சிஜில் 2' என மேலும் 9 வரைபடங்களையும் வெளியிட்டார். அதே பழைய விதி: ஒரு தரை, ஒரு கூரை. அந்த எல்லைக்குள்ளேயே புதிய இருட்டையும் புதிய திகைப்பையும் உண்டாக்க அவரால் முடிந்தது.

ஒரு வார்த்தை

டூம் துப்பாக்கி ஆட்டம். இரத்தமும் கோரமும் நிறைந்தது. அமெரிக்காவில் 17 வயதுக்கு மேற்பட்டோருக்கு உரியது என்று தரம் பிரித்தார்கள். ஜெர்மனி 1994-இல் சிறுவர்களுக்கு விற்கக்கூடாது என்று கட்டுப்படுத்தி, 2011-இல்தான் அதை விலக்கியது. ஆகவே இதை ஆடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பெற்றோரும் ஆசிரியர்களும் கவலைப்பட்டதில் நியாயம் உண்டு. ஆனால் கடிகாரத்தைக் கழற்றிப் பார்ப்பதுபோல் இதைக் கழற்றிப் பார்க்கலாம். ஆடுபவருக்கு அரைமணி நேரம் போகும். கழற்றிப் பார்ப்பவருக்கு ஒரு வித்தை கையில் வரும்.

செய்து பாருங்கள்

கட்டம் போட்ட தாளில் உங்கள் பள்ளியின் தரைப்படத்தை வரையுங்கள். சுவர்களை நேர்கோடுகளாகக் குறியுங்கள். நடுவே ஒரு கோடு கிழித்து இரண்டாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பாதியையும் மறுபடி பிரியுங்கள். ஏதாவது ஓரிடத்தில் ஒரு புளியங்கொட்டையை வையுங்கள். அதுதான் நீங்கள். அங்கிருந்து பார்த்தால் எந்தச் சுவர் முதலில், எது அடுத்து என்று கேள்வி கேட்டே வரிசைப்படுத்துங்கள். பிறகு உண்மையாகவே அந்த இடத்தில் போய் நின்று சரிபாருங்கள்.

உங்கள் பள்ளிக்கு மாடி இருந்தால் இந்தத் தாளில் அதை எப்படிக் காட்டுவீர்கள்? அந்தக் கேள்விக்கு நீங்களே ஒரு வழி கண்டுபிடியுங்கள். தொட்டிப்பாலத்தைக் கட்டிவிடலாம்!