எட்டாவது மொழி தமிழ்

ஏழு மொழிகளைத் தேடிப் பிடித்துப் படித்தாள் ஒரு தில்லித் தமிழ்ப் பெண். தன் மொழியின் எழுத்து தனக்குத் தெரியாது என்பது அவளுக்குச் சிங்கப்பூர் நடைபாதையில்தான் உறைத்தது.

இந்தியில் 'கோல்' என்றால் வட்டம். தமிழில் கம்பு. என் அம்மா முதன்முறை தில்லி வந்தபோது, "கோல் மார்க்கெட்டா? கம்பு விக்கிற சந்தையா?" என்று கேட்டதை எங்கள் வீட்டில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

புது தில்லி நகரம் உருவாகிக் கொண்டிருந்த காலத்தில், 1921-ல் கட்டிய சந்தை அது. தூரத்திலிருந்து பார்த்தால் வட்டம். கிட்டப் போய் எண்ணினால் பன்னிரண்டு பக்கம். பல திசைகளிலிருந்து வரும் சாலைகள் அதைச் சுற்றிக்கொண்டு போகின்றன. நடுக் கட்டடத்தின் கடைகளெல்லாம் காலியாகிப் பல வருடங்கள் ஆகின்றன. சுற்றியுள்ள வரிசைகளில் மட்டும் வங்காள மிட்டாய்க் கடைகளும் மருந்துக் கடைகளும் பழையபடி வியாபாரம் செய்கின்றன. அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் அரசுக் குடியிருப்பு ஒன்றில் என் அக்கா குடும்பம். அவள் மகளுக்கு இப்போது வயது 23. இந்தக் கட்டுரை அவளைப் பற்றியது.

அவளுக்கு மொழிப் பைத்தியம். சிலர் தபால்தலை சேர்ப்பதுபோல அவள் எழுத்து சேர்ப்பாள். கோல் மார்க்கெட் அதற்கு ஏற்ற இடம்தான். தில்லியில் இந்தி ஆட்சிமொழி, பஞ்சாபியும் உருதும் இரண்டாவது ஆட்சிமொழிகள் என்று 2000-ல் சட்டமே இயற்றியிருக்கிறார்கள். தெருப் பெயர்ப் பலகைகளில் ஒரே பெயர் இந்தி, ஆங்கிலம், பஞ்சாபி, உருது என்று நான்கு எழுத்துகளில் இருக்கும். பன்னிரண்டு வயதில், பள்ளிக்கூடம் போகும் வழியில், இந்தப் பலகைகளையே அவள் அரிச்சுவடியாக்கிக் கொண்டாள். இந்தியில் 'மார்க்' என்று முடிகிற இடத்தில் உருதில் என்ன இருக்கிறது என்று பார்ப்பாள். அடுத்த தெருவிலும் அதே வடிவம் வந்தால் நோட்டில் குறித்துக்கொள்வாள். இப்படியே குர்முகி எழுத்தும் வசப்பட்டது. சந்தேகம் வந்தால் பங்களா சாஹிப் குருத்வாராவுக்குப் போய், சுவரில் எழுதியிருப்பதைப் படித்துச் சரிபார்ப்பாள்.

பக்கத்துக் குடித்தனம் வங்காளிகள். மந்திர் மார்க் காளிபாரியில் துர்கா பூஜை நடக்கும் நாட்களில் அவளை வீட்டில் பார்க்க முடியாது. சந்தேஷ் வாங்கப் போய் வங்காளி கற்றுக்கொண்டு வந்தவள் என்று என் அக்கா சொல்வாள். சமஸ்கிருதம் பள்ளியில் மூன்றாம் மொழி. கல்லூரி நாட்களில் அனுமான் ரோடில் இருக்கும் ஸ்பெயின் நாட்டின் செர்வாந்தஸ் கழகத்தில் சேர்ந்தாள். வீட்டிலிருந்து இருபது நிமிட நடை. ஆக, படிக்கவும் எழுதவும் தெரிந்த மொழிகள் ஏழு: இந்தி, ஆங்கிலம், சமஸ்கிருதம், பஞ்சாபி, உருது, வங்காளி, ஸ்பானிஷ்.

பட்டியலில் தமிழ் இல்லை. பேசுவாள், அதுவும் மாயவரத்து மணம் மாறாமல். ஆனால் 'அ'வுக்கும் 'ஆ'வுக்கும் வித்தியாசம் தெரியாது.

யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என்று 1911-ல் அறிவிப்பு வந்தது. அதைத் தொடர்ந்து, சர்க்கார் வேலைக்காகச் சென்னை ராஜதானியிலிருந்து வந்தவர்கள் முதலில் கவலைப்பட்டது பிள்ளைகளின் படிப்பைப் பற்றித்தான். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் கதை 1923-ல் தொடங்குகிறது. இன்று அதன் கீழ் ஏழு பள்ளிகள். அவற்றில் ஒன்று மந்திர் மார்க்கில், அக்கா வீட்டிலிருந்து கால் மணி நடையில் இருக்கிறது. அங்கே தமிழ் ஒரு பாடம்.

அத்தான் மகளை அங்கே சேர்க்கவில்லை. வேலை மாற்றலாகி வேறு ஊர் போனால் படிப்பு தடைப்படும் என்று வேறு பள்ளியில் போட்டார். "தமிழ்தான் வீட்டிலே பேசறோமே, அதை எதுக்குக் காசு கொடுத்துப் படிக்கணும்?" என்பது அவருடைய இன்னொரு வாதம். தில்லியில் இதைச் சொல்லாத தமிழ்த் தகப்பன் குறைவு. மாற்றல் கடைசி வரை வரவில்லை.

நாள் தவறாமல் அவளுக்கு ஒரே ஓட்டம். காலை எட்டரைக்கு ராமகிருஷ்ணா ஆசிரம மார்க் நிலையத்தில் மெட்ரோ, ராஜீவ் சௌக்கில் மாறி குருகிராமம். அங்கே ஒரு கம்பெனியில் ஸ்பானிஷ் வாடிக்கையாளர்களின் கடிதங்களைக் கையாளும் வேலை. ரயிலில் நிற்க இடம் கிடைத்தால் காதில் ஸ்பானிஷ் பாட்டு, உட்கார இடம் கிடைத்தால் கையில் உருதுப் புத்தகம். இரவு எட்டு மணிக்குத் திரும்பி, "அம்மா, என்ன டிபன்?" என்று கேட்கும்போதுதான் அன்றைய தமிழ் ஆரம்பிக்கும். கணக்குப் பார்த்தால் ஒரு நாளில் அவளுக்குத் தமிழ் இரண்டு மணி நேரம்.

இந்த நிலையில்தான் அலுவலகத் தோழி ஒருத்தியுடன் நான்கு நாள் பயணமாகச் சிங்கப்பூர் போனாள். ஏழு மாதச் சேமிப்பு, விசா, ஏறக்குறைய ஆறு மணி நேர விமானம். அவள் மனதில் இருந்தது சீன எழுத்து. எட்டாவது மொழியாக அதைத்தான் வைத்திருந்தாள்.

சிங்கப்பூரில் ஆட்சிமொழிகள் நான்கு: மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம். புத்தகத்தில் படித்த செய்திதான். ஆனால் ரயில் நிலையத்தில் பாதுகாப்பு அறிவிப்பு சீனத்துக்கும் மலாய்க்கும் பிறகு திடீரென்று தமிழில் வந்ததும் அவள் படிக்கட்டில் அப்படியே நின்றுவிட்டாளாம். "மாமா, ராஜீவ் சௌக்ல அம்மா குரல் கேட்டா எப்படி இருக்கும்? அப்படி இருந்தது" என்றாள் என்னிடம்.

மறுநாள் ஞாயிறு. சிராங்கூன் ரோடு முழுக்க விடுமுறைக்கு வந்த தொழிலாளர் கூட்டம். ஒரு கட்டட வேலை நடக்கும் இடத்தில் தகரத் தடுப்பு, அதில் நான்கு மொழியில் ஓர் அறிவிப்பு. வழக்கம்போல நின்று பார்த்தாள். ஒரே செய்தி, நான்கு எழுத்து. தில்லியில் அவளுக்குப் பாடம் சொன்ன அதே ஏற்பாடு. ஆங்கிலம் தெரிகிறது. மலாய் ஆங்கில எழுத்தில் இருப்பதால் வாய்விட்டுப் படிக்க முடிகிறது. சீனம் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. நான்காவது வரிதான் அவளை உறுத்தியது.

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டு நின்றவரிடம், "அண்ணா, இதுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டாள். அவர் புதுக்கோட்டைக்காரர். "அபாயம்னு போட்டிருக்கும்மா, உள்ளே வரக்கூடாதுன்னு" என்று சொல்லிவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்மா, நீங்க தமிழ்தானே?"

அதில் கேலி இல்லை. அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. அவளுக்கும் பதில் சொல்ல வரவில்லை. ஏழு மொழி தெரியும் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

அன்று மாலை இன்னொன்றும் நடந்தது. கடை ஒன்றில் தன் வயதுள்ள சிங்கப்பூர்த் தமிழ்ப் பெண்ணைச் சந்தித்தாள். அந்தப் பெண் சுவரில் இருந்த தமிழ் விளம்பரத்தைத் தடங்கலின்றிப் படித்தாள். ஆனால் இவள் தமிழில் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். பள்ளியில் தாய்மொழிப் பாடம் கட்டாயம், அதனால் எழுத்து தெரியும். வீட்டில் பேசுவது ஆங்கிலம். இவள் பேசுவாள், படிக்கத் தெரியாது. அவள் படிப்பாள், பேச வராது. இருவரும் சேர்ந்தால் ஒரு முழுத் தமிழ்ப் பெண் என்று சொல்லிக்கொண்டு சிரித்தார்களாம்.

சிரிக்கும் விஷயமல்ல என்கிறது சிங்கப்பூரின் மக்கள்தொகைக் கணக்கு. வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2010-ல் 3.3 சதவீதம். 2020-ல் 2.5 சதவீதம். அதே பத்தாண்டுகளில் வீட்டில் ஆங்கிலம் பேசுவோர் 32.3-லிருந்து 48.3 சதவீதமாக உயர்ந்திருக்கிறார்கள். ஆட்சிமொழி அந்தஸ்து உண்டு, பள்ளியில் பாடம் உண்டு, 1935-ல் கோ. சாரங்கபாணி தொடங்கிய 'தமிழ் முரசு' நாளிதழ் உண்டு, ஆண்டுதோறும் ஏப்ரலில் தமிழ் மொழி விழா உண்டு. இவ்வளவும் இருந்தும் சாப்பாட்டு மேசையில் தமிழ் சுருங்குகிறது. அரசாங்கம் பலகையில் எழுதலாம். அடுக்களையில் பேசுவது வீட்டுக்காரர்கள் பாடு. தில்லியிலோ அடுக்களையை மட்டும் நம்பி எழுத்தைக் கைவிட்டோம். இரண்டு ஊரும் ஒரே மொழியை ஆளுக்குப் பாதியாகக் காப்பாற்றி வைத்திருக்கின்றன. பாதி மட்டும் தெரிந்தவர்களின் பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும் என்பதுதான் கேள்வி.

திரும்பி வந்தவள் என் கையில் ஒரு டாலர் நாணயம் ஒன்றை வைத்தாள். நாட்டின் பெயர் நான்கு மொழியிலும் பொறித்திருந்தது. 'சிங்கப்பூர்' என்று தமிழிலும். "நம்ம நாட்டுக் காசுல தமிழ் இல்லையே மாமா" என்றாள். சட்டைப் பையிலிருந்து ஒரு நூறு ரூபாய் நோட்டை எடுத்துப் பின்பக்கத்தைக் காட்டினேன். பதினைந்து மொழிகளின் பட்டியல். சமஸ்கிருதத்துக்குக் கீழே, தெலுங்குக்கு மேலே, பதின்மூன்றாவது வரியில் 'நூறு ரூபாய்'. பிறந்ததிலிருந்து அவள் கையில் புரண்ட நோட்டு. பஞ்சாபி வரியும் வங்காளி வரியும் உருது வரியும் படித்திருக்கிறாள். அந்த ஒரு வரியைத் தாண்டிப் போயிருக்கிறாள்.

சீனம் தள்ளிப் போயிற்று. சிங்கப்பூரில் வாங்கிய 'தமிழ் முரசு' இதழையே பாடப்புத்தகமாக வைத்து ஆரம்பித்தாள். முதலில் திணறல். இந்தியில் க, க்க, க, க்க என்று தடித்தும் மெலிந்தும் நான்கு எழுத்து, தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரே 'க'வா என்று சண்டைக்கு வந்தாள். 'கடல்' என்றும் 'தங்கம்' என்றும் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். நாக்கு தானாகவே இடத்துக்கு ஏற்ற ஒலியைச் சொல்லிற்று. மற்ற மொழிகளில் எழுத்தைப் பிடித்துக்கொண்டு ஒலியைத் தேடினவள், இங்கே ஒலியைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்தைத் தேடினாள். ஆறு வாரத்தில் தலைப்புச் செய்திகள் வந்துவிட்டன.

அதற்குப் பின்தான் சோதனை. வீட்டில் 'வந்துண்டிருக்கா' என்று பேசுகிறவளுக்கு, பத்திரிகையின் 'வந்துகொண்டிருக்கிறார்கள்' வேற்று மொழியாகத் தெரிந்தது. "இது பேசற தமிழே இல்லை. நிஜமாவே எட்டாவது மொழிதான்" என்றாள். மந்திர் மார்க் பள்ளியில் ஐந்து வயதில் விளையாட்டாக வந்திருக்க வேண்டியது, 23 வயதில் வியர்வை சிந்தி வருகிறது.

இப்போது அவள் பத்திரிகையை விட்டுவிட்டு வேறொன்றைக் கையில் எடுத்திருக்கிறாள். என் அம்மா மாயவரத்திலிருந்து அக்காவுக்கு எழுதிய இன்லண்டு கடிதங்கள், நாற்பதுக்குச் சற்று அதிகம், ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. அம்மா காலமாகிப் பத்து வருடம் ஆகிறது. போன வாரம் இரவு பத்து மணிக்குப் பேத்தியிடமிருந்து எனக்குப் போன்.

"மாமா, பாட்டி லெட்டர்ல வரிக்கு வரி ஒரு எழுத்து வருது. யானை தும்பிக்கையைத் தூக்கின மாதிரி. பேப்பர்ல அது எங்கேயும் இல்லையே?"

அது பழைய 'லை' என்றேன். 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்து, லை, னை, ளை போன்ற எழுத்துகளை மற்ற ஐகார எழுத்துகளைப்போல மாற்றியது. அம்மா அதற்கு வெகுகாலம் முன்பே பள்ளிக்கூடத்தை விட்டவள். கடைசி வரை தும்பிக்கை போட்டுத்தான் எழுதினாள்.

கொஞ்ச நேரம் மறுமுனையில் சத்தமில்லை. பிறகு எழுத்துக் கூட்டுவது கேட்டது. "க... வ... லை. கவலை. கவலைப்படாதே."

இது மூன்றாவது கடிதமாம். வேகத்தைப் பார்த்தால் தீபாவளிக்குள் டப்பா முடியாது.