திருப்பதிக்கு வந்த கடல்

2022 ஏப்ரல் 4 வரை திருப்பதி இருந்தது சித்தூர் மாவட்டத்தில்; அந்த மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. அன்று ஆந்திர மாவட்டங்களைப் பிரித்து அடுக்கியபோது, நெல்லூரிடமிருந்து சூலூர்பேட்டை, கூடூர் பக்கத்தை வாங்கிக்கொண்டு திருப்பதி மாவட்டம் பிறந்தது. சித்தூர் மாந்தோப்புகளோடு நின்றுவிட, திருப்பதிக்குப் பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதியும் ஸ்ரீஹரிகோட்டாவும் வங்கக்கடலும் கிடைத்தன. லட்டுக்கும் ராக்கெட்டுக்கும் இப்போது ஒரே கலெக்டர்.

இந்த வங்கக்கடலில் ஓர் உயிர் உண்டு: கலிங்கா ஆர்னேட்டா. ஓடில்லாத கடல்நத்தை, கடல் அட்டை வேறு, இது வேறு. கண்ணாடிபோன்ற உடம்பில் சிவந்த நுனியுள்ள குமிழ்கள், இடையிடையே நீலப்பொட்டுகள். சீண்டினால் இருட்டில் ஒளிவிடும். சாப்பாடு, தொட்டால் தம் கைகள் ஒடிந்துவிழும் ‘நொறுங்கு நட்சத்திரம்’ என்னும் கடலுயிர்கள்.

19-ஆம் நூற்றாண்டின் நடுவில், விசாகப்பட்டினத்தை அடுத்த வால்டேரில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி வால்டர் எலியட் கடல்நத்தைகளைச் சேகரித்தார். அமராவதிச் சிற்பங்களைத் தோண்டியெடுத்தவரும் அவர்தான். சாராயத்தில் போட்டால் நத்தையின் நிறம் வெளுத்துவிடும். ஆகவே உயிரோடு இருக்கும்போதே உள்ளூர் ஓவியர்களை வைத்து வரையச் செய்தார். அந்தப் படங்களும் புட்டிகளும் இங்கிலாந்து போய்ச் சேர, ஆல்டர், ஹான்காக் என்ற விலங்கியலாளர்கள் இருவரும் 1864-இல் கலிங்காவுக்குப் பெயரிட்டார்கள். ஓவியர்களின் பெயரை விலங்கியல் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

இன்று ஓவியர் வேண்டாம், கைபேசி போதும். ஆனால் கடல்நத்தை பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் லட்சத்தீவுக்கும் அந்தமானுக்கும் ஓடுகிறார்கள், பவளப்பாறையில்தான் நிறம் இருக்கிறது என்ற எண்ணத்தில். கலிங்காவின் வீடோ மணலும் சேறும் கலந்த கடற்தரை. காளஹஸ்தியைத் தொட்டு ஓடும் சுவர்ணமுகி கொண்டுபோய்க் கொட்டுகிறதே, அந்த மாதிரித் தரை. ஜப்பான், ஆஸ்திரேலியா வரை இது பரவியிருக்கிறது.

எலியட் காலத்தில் இந்தத் தரையைச் சுரண்டும் இயந்திரப் படகுகள் இல்லை; பாய்மரப் படகும் கட்டுமரமும் மேலேயே போய்வந்தன. இப்போது இழுவைமடி வலை அடித்தளத்தை வாரிக்கொண்டு வருகிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடை. மற்ற நாளெல்லாம் வாரல்தான். நீரை விட்டு வெளியே வந்த நத்தை உருவம் குலைந்து வெறும் கொழகொழப்பாகக் கிடக்கும். கழிவு மீன் குவியலில் அதை யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

திருப்பதியில் 1954 முதல் ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் இருக்கிறது. 2015 முதல் ஐசர் என்னும் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே உயிரியல் படிக்கும் பிள்ளைகளே, உங்கள் மாவட்டத்துக்குக் கடல் வந்துவிட்டது. ஒரு விடியலில் படகுத்துறைக்குப் போங்கள். கழிவில் கொழகொழப்பாக எது கிடந்தாலும் ஒரு கிண்ணம் கடல்நீரில் விட்டுப் பாருங்கள். படம் எடுத்து, எந்த ஆழத்தில் மடி போட்டார்கள் என்று கேட்டு எழுதுங்கள். உயிர் இருந்தால் திரும்பக் கடலில் விட்டுவிடுங்கள்.