ஊசிக்கு முன் ஒரு யோசனை

தொழுகையில் சஜ்தாவிலிருந்து எழும்போது முழங்கால் வலியால் தடுமாறும் பெரியவர்கள் உங்கள் இல்லத்திலும் இருக்கலாம். மூட்டுத் தேய்மானத்திற்கு 'பி.ஆர்.பி.' ஊசி போட்டால் தேய்ந்த குருத்தெலும்பு வளர்ந்துவிடும் என நம்பி, நகையை அடகு வைக்கத் துணியுமுன் சற்றுச் சிந்தியுங்கள்.

நோயாளியின் இரத்தத்தையே சிறிது எடுத்து, இயந்திரத்தில் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பிளாஸ்மாவைப் பிரித்து மூட்டுக்குள் செலுத்துவதே இச்சிகிச்சை. இதனால் வலி குறைகிறது எனக் கூறும் ஆய்வுகளும் உள்ளன. ஆயினும், ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் நடத்தப்பட்டு 2021-இல் வெளியான ஆய்வு வேறு விதமாகக் கூறுகிறது. ஓராண்டுக்குப் பின், வலியைக் குறைப்பதிலும் குருத்தெலும்பைக் காப்பதிலும், வெறும் உப்புநீர் ஊசியைவிட இது குறிப்பிடத்தக்க மேன்மை எதையும் காட்டவில்லை.

உடல் எடையின் கதையோ தெளிவானது. எடை மிகுந்தவர் ஒரு கிலோ குறைத்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என 2005-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அங்கேயே 2013-இல் வெளியான மற்றோர் ஆய்வில், உணவுக் கட்டுப்பாட்டையும் உடற்பயிற்சியையும் 18 மாதம் சேர்த்துக் கடைப்பிடித்தவர்கள் எடையில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைத்தனர். அவர்களின் வலியும் ஏறத்தாழ பாதியாயிற்று.

விருந்துச் சஹனில் ஒரு பிடி குறையட்டும்; தேநீரில் சீனி குறையட்டும். நாற்காலியில் அமர்ந்து காலை மெல்ல நீட்டி மடக்கித் தொடைத் தசைகளை வலுப்படுத்துங்கள். நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே உணவை மாற்றவேண்டும். ஊசி பற்றிப் பிறகு முடிவு செய்யலாம். எடையைக் குறைக்க இன்றே தொடங்கலாம். பெரியவர்களை மட்டும் பத்தியத்தில் விட்டுவிடாமல், குடும்பமே அவர்களுடன் சேர்ந்து உண்ணட்டும்.