கம்ப்யூட்டருக்கு முன்னால் ஒரு வழிப்படம்



வருமானச் சான்றுக்காக நாங்குநேரி தாலுகா ஆபீசுக்கு எத்தனை நடை நடந்திருப்போம்! இப்போது இ-சேவை மையத்தில் பதிந்தால், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாலுகா அலுவலகம் என்று மனு கம்ப்யூட்டரிலேயே நகருது. 2006-ல் வந்த தேசிய மின் ஆளுமைத் திட்டத்தின் 'மின் மாவட்டம்' காட்டிய வழி இது.

மென்பொருள் எழுதும் முன், மனு யாரிடம் போகுது, யார் எதைச் சரிபார்க்கிறார், எங்கே தேங்குது என்று படம் வரையணும். நம் குழுவில் கடன் மனு, தீர்மானம், வங்கி என்று போகிற மாதிரிதான். படத்தில் விட்டுப்போன வழி கம்ப்யூட்டரிலும் இருக்காது. கணவரால் கைவிடப்பட்ட பெண்ணிடம் கணவர் கையெழுத்தைக் கேட்டால் அவள் எங்கே போவாள்? அவளுக்கென்று தனிச் சான்று இருப்பது அதனால்தான் முக்கியம்.

ஒப்புகைச் சீட்டை பத்திரமா வைங்க. அந்த எண்ணைச் சொன்னால் மனு எங்கே நிற்குதுன்னு தெரியும். தேங்கினால் குழுக் கூட்டத்தில் பேசி, எழுதிக் கொடுப்போம்.