இரவில் அணைக்காத கணினி

கணினியை இரவு முழுவதும் அணைக்காமல் விட்டால் அது கெட்டுவிடுமா என்ற கேள்விக்கு, அணைத்து அணைத்துப் போடுவதே அதன் ஆயுளைக் குறைக்கும் என்று ஒரு சாராரும், ஓய்வின்றி ஓடும் எந்த இயந்திரமும் விரைவில் தேயும் என்று மற்றொரு சாராரும் நெடுங்காலமாக விடை சொல்லி வருகின்றனர். இரண்டு கூற்றுகளும் வெறும் கற்பனையில் பிறந்தவை அல்ல. ஆனால் அவை பிறந்த காலத்துக் கணினியும் இன்று வீட்டு மேசையில் இருக்கும் கணினியும் ஒன்றல்ல என்பதால், பழைய அச்சம் மட்டும் தங்கிவிட, உண்மையில் கவனிக்கத்தக்க இடர்கள் பேசப்படாமலே போகின்றன.

அணைக்கலாகாது என்ற கருத்தின் வேர் வால்வுக் காலத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1946இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட எனியாக் கணினியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழல்கள், அதாவது பழைய வானொலிப் பெட்டிகளில் இருந்தவை போன்ற கண்ணாடி வால்வுகள், பொருத்தப்பட்டிருந்தன. குண்டு பல்பு பெரும்பாலும் சுவிட்சைப் போடும் நொடியில்தான் ஃபியூஸ் போகும் என்பதை வீட்டில் எவரும் கண்டிருப்பர். அதுபோலவே வால்வுகளும் சூடேறும்போதும் ஆறும்போதுமே மிகுதியாகப் பழுதாயின என்பதால், மின்சாரச் செலவைப் பொருட்படுத்தாமல் அந்தக் கணினியை அணைக்காமலே வைத்திருப்பதென அதன் பொறியாளர்கள் முடிவு செய்தனர். மேரிலாந்து மாநிலத்தின் அபர்டீன் படைத்தளத்துக்கு மாற்றப்பட்டு 1947 ஜூலையில் மீண்டும் இயக்கப்பட்ட எனியாக், 1955 அக்டோபர் 2ஆம் நாள் இரவு ஓய்வு பெறும்வரை தொடர்ந்து மின்னோட்டத்திலேயே இருந்தது.

வால்வுகள் போய்ச் சிலிக்கான் சில்லுகள் வந்தபின்னும் இந்த வாதத்தில் ஒரு துளி உண்மை எஞ்சியிருக்கிறது. ஒரே அளவு வெப்பத்துக்குச் சிலிக்கான் விரிவது செம்பு விரிவதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான். இவ்வாறு வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்கும் பொருள்களை இணைத்து நிற்கும் பற்றாசு, அதாவது ஈயம் பற்றவைத்த புள்ளி, ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் சிறிது இழுபட்டு, பல்லாயிரம் முறைக்குப்பின் நுண்ணிய விரிசல் காணலாம். இதை வெப்பச் சுழற்சி என்பர். ஆயினும் நாளைக்கு ஒருமுறை போட்டு அணைப்பதால் ஆண்டுக்கு நேர்வது 365 சுழற்சிகளே ஆகும். கணினியில் ஒரு கனமான விளையாட்டைத் திறந்து மூடுவதே சில்லை நாற்பது டிகிரி வரை ஏற்றி இறக்கிவிடும் என்னும்போது, இரவில் அணைப்பதை மட்டும் குற்றம் சொல்வதில் பொருளில்லை. ஹார்டு டிஸ்க்கின் கதையும் இதுவே. சுழலும் தட்டின் மேல் படிக்கும் முனை வந்திறங்கிய பழைய வகைகளுக்குக்கூட 50,000 தொடக்கங்களைத் தாங்கும் என்ற அளவு வழக்கமாகக் குறிக்கப்பட்டது; நாளைக்கு ஒருமுறை வீதம் அதைத் தீர்க்க நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேண்டும். சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. சேமிப்பகத்துக்கு இக்கணக்கும் தேவையில்லை.

ஓடிக்கொண்டே இருந்தால் தேயும் என்ற எதிர்த்தரப்பு வாதமும் எதிர்பார்த்த அளவுக்கு நிலைபெறவில்லை. கூகுள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தம் கணினிக் கூடங்களில் இடைவிடாது இயங்கிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹார்டு டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரையில், பயன்பாட்டின் மிகுதிக்கும் பழுதுக்கும் இடையிலான தொடர்பு அதுவரை நம்பப்பட்டதைவிட வலுக்குறைந்தது என்று கண்டனர். வீட்டுக் கணினியில் உண்மையாகவே தேய்பவை மின்விசிறியின் உராய்தாங்கியும், மின்னேற்றத்தைச் சிறிது நேரம் தேக்கிவைத்துச் சீராக வழங்கும் மின்தேக்கிகளும்தாம். மின்தேக்கியின் உள்ளே இருக்கும் நீர்மம் வெப்பத்தில் மெல்ல உலர்வதால், பத்து டிகிரி செல்சியஸ் கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுப் பொறியாளர்களின் கைக்கணக்கு. இங்கே முடிவு செய்வது இரவா பகலா என்பதன்று. பெட்டிக்குள் படிந்த தூசியும், மேசைக்கும் சுவருக்கும் இடையில் காற்றுப் புகாமல் கணினியை அடைத்து வைத்திருக்கும் இடமுமே ஆகும்.

அணைப்பது, அணைக்காதிருப்பது என்ற இரண்டே வழிகள் இருப்பதாகக் கொள்வதும் சரியன்று. 1996இல் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய நிறுவனங்கள் வகுத்த ஏ.சி.பி.ஐ. என்னும் பொதுநெறி, விழிப்புக்கும் முழு நிறுத்தத்துக்கும் இடையில் பல படிகளை அமைத்தது. உறக்கநிலையில் நினைவகம் மட்டும் மின்சாரம் பெற்றுத் திறந்திருந்த வேலைகளைக் காத்துக்கொண்டிருக்க, மற்ற பாகங்கள் அடங்கிவிடும். ஆழ்உறக்கத்திலோ நினைவகத்தில் உள்ளதெல்லாம் சேமிப்பகத்தில் எழுதப்பட்டுவிடுவதால் மின்சாரமே நின்றாலும் இழப்பில்லை. சும்மா விழித்திருக்கும் மேசைக் கணினி 60 வாட் இழுப்பதாகக் கொண்டால், இரவு ஒன்பது மணிநேரத்தில் அரை யூனிட்டுக்குச் சற்று மேலாகவும், தமிழ்நாட்டின் இரண்டு மாத மின்கட்டணச் சுற்றில் ஏறத்தாழ 32 யூனிட்டாகவும் அது சேரும். பயன்பாடு கூடக்கூட விகிதமும் ஏறும் கட்டண முறையில் இந்த 32 யூனிட்டும் உச்சிப் படியிலேயே போய் உட்காரும். உறக்கநிலையில் அதே கணினிக்கு ஓரிரு வாட் போதும்.

வன்பொருளைவிட மென்பொருளே நீண்ட விழிப்பால் தடுமாறுகிறது என்பது பலரும் கருதாத உண்மை. விண்டோஸ் 95 தான் தொடங்கிய கணத்திலிருந்து கடந்த நேரத்தை மில்லிநொடிகளாக எண்ணி, 32 இருமக் கட்டங்கள் கொண்ட ஓர் எண்ணில் வைத்திருந்தது; அந்த எண் ஏறத்தாழ 429 கோடியைத் தொட்டதும், சைக்கிள் மீட்டர் முழுச் சுற்றுச் சுற்றிப் பூச்சியத்துக்குத் திரும்புவதுபோல் திரும்பிவிடுமாதலால், 49.7 நாள்கள் இடைவிடாது ஓடிய கணினி உறைந்துபோகக்கூடும். அக்காலத்து விண்டோஸ் அத்தனை நாள் நிற்காமல் ஓடுவதே அரிது என்பதால் இப்பிழை வெளிப்படச் சில ஆண்டுகள் பிடித்தன. இதே இனத்தைச் சேர்ந்த ஒரு பிழை உயிர்களையும் பறித்தது. 1991 வளைகுடாப் போரின்போது சவூதி அரேபியாவின் தஹ்ரானில் நிறுத்தப்பட்டிருந்த பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பின் கணினி, நேரத்தைப் பத்தில் ஒரு நொடிகளாக எண்ணியது. மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதினால் முடிவின்றி நீள்வதுபோல் பத்தில் ஒன்று இரும எண்முறையில் முடிவின்றி நீளுமாதலால், வெட்டி எறியப்பட்ட வாலின் பிழை ஒவ்வொரு மணிநேரமும் சேர்ந்துகொண்டே போனது. அணைக்கப்படாமல் நூறு மணிநேரம் ஓடிய நிலையில் கடிகாரம் மூன்றில் ஒரு நொடியளவு பிசகியிருக்க, அதற்குள் அரைக் கிலோமீட்டருக்கு மேல் பாய்ந்துவிடும் ஸ்கட் ஏவுகணையை அது தவறான இடத்தில் தேடியது. பிப்ரவரி 25ஆம் நாள் அந்த ஏவுகணை படைவீரர்களின் குடியிருப்பில் விழுந்து 28 அமெரிக்க வீரர்கள் மாண்டனர். திருத்தப்பட்ட மென்பொருள் மறுநாள்தான் வந்து சேர்ந்தது. இடையில் ஒருமுறை அணைத்துப் போட்டிருந்தால் அந்த எண்ணிக்கை பூச்சியத்திலிருந்து தொடங்கியிருக்கும்.

வீட்டுக் கணினியில் இதன் எளிய வடிவம், பயன்படுத்திய நினைவகத்தைத் திருப்பித் தராத செயலிகளால் நாளடைவில் ஏற்படும் மந்தம். மறுதொடக்கம் அதைத் தீர்க்கும். ஆனால் 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், விரைவுத் தொடக்கம் என்னும் வசதி இயங்கும் கணினிகளில் ‘ஷட் டவுன்’ கட்டளை இயங்குதளத்தின் கருவை ஆழ்உறக்கத்தில் வைத்துவிட்டு மறுநாள் அதையே எழுப்புகிறது. ‘ரீஸ்டார்ட்’ கட்டளையே உண்மையில் புதிதாகத் தொடங்குகிறது. தினமும் ஒழுங்காக அணைத்தும் கணினி மந்தமாகவே இருக்கிறது என்று வியப்பவர்களின் சிக்கல் பெரும்பாலும் இதுதான். பாதுகாப்புத் திருத்தங்கள் பலவும் மறுதொடக்கத்துக்குப் பின்னரே நடைமுறைக்கு வருகின்றன என்பதை இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வான்னாகிரை என்னும் தீங்குநிரல், எவரும் எதையும் சொடுக்காமலே வலையமைப்பு வழியாகக் கணினிவிட்டுக் கணினி தாவிக் கோப்புகளைப் பூட்டியது. அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தம் மார்ச் மாதமே வெளியாகியிருந்தும், அது போடப்படாத கணினிகள் எண்ணற்றவை இருந்தன.

மடிக்கணினிக்கு மட்டும் உரிய இடர் ஒன்று உண்டு. மெத்தையின் மேலோ போர்வையின் மடிப்பிலோ இயங்கியபடி விடப்படும் மடிக்கணினியில் காற்றுத் துளைகள் அடைபட்டு வெப்பம் வெளியேறாது. முழுதும் நிரம்பிய நிலையிலும் வெப்பத்திலும் வைத்திருப்பதே லித்தியம்-அயன் பேட்டரியை விரைவில் முதுமையடையச் செய்யும் இரு காரணங்கள் என்பதால், இரவு முழுவதும் சார்ஜில் விடுவோருக்காகவே பல நிறுவனங்கள் எண்பது விழுக்காட்டில் மின்னேற்றத்தை நிறுத்தும் அமைப்பை இப்போது சேர்த்திருக்கின்றன. உப்பிய பேட்டரியைத் தொடர்ந்து பயன்படுத்துவது எந்த நேரத்திலும் ஆபத்து.

இடிமழைக் காலத்துக்கு மேற்சொன்ன எந்தக் கணக்கும் பொருந்தாது. கோடை மழையின்போதும் வடகிழக்குப் பருவமழையின்போதும் மின்கம்பியில் பாயும் மின்னல் அதிர்வு, சுவரிலுள்ள சுவிட்சின் சிறு இடைவெளியைத் தாண்டிக் குதிக்க வல்லது; அதனால் கணினி ஓடினாலும் உறங்கினாலும் அணைந்திருந்தாலும் பிளக்கைக் கழற்றிவைத்தால் மட்டுமே காப்பு உண்டு. அதையும் இடி தொடங்கும் முன்பே செய்துவிட வேண்டும். வெளியிலிருந்து தொலைபேசிச் செம்புக்கம்பி வழியாகவோ கேபிள் வழியாகவோ இணையம் வரும் வீடுகளில், மின்சாரப் பிளக்கைக் கழற்றிய பின்னும் மோடத்திலிருந்து கணினிக்கு வரும் கம்பி செருகியபடியே கிடக்குமானால், மின்னலுக்கு அந்த வழி திறந்தேதான் இருக்கிறது.